பாலையில் குடும்பம்: கள்ளி கண்டார் மெய்ப்பாடு குறித்து ஓர் ஆய்வு

தமிழ் இலக்கண மரபு பாலைத் திணைக்கு உரிப்பொருளாகப் பிரிதலை வைத்திருக்கிறது. தலைவன் பொருள்தேடிப் போவான். தலைவி வீட்டில் மெலிவாள். இருவருக்கும் நடுவே வெயில் காயும். இந்த ஏற்பாட்டில் குடும்பம் முழுவதும் சேர்ந்து பாலைக்குப் போவதற்கு இடமே ஒதுக்கப்படவில்லை. உடன்போக்கு உண்டே எனின், உண்டு. ஆனால் அதில் பாட்டி கிடையாது, பின்னிருக்கையில் இரண்டு பிள்ளைகள் கிடையாது, மதியச் சாப்பாடு எங்கே என்ற கேள்வியும் கிடையாது. குளிரூட்டிய வாடகைக் காரில் ஐந்து பேர் முட்டிக்கு முட்டி இடித்துக்கொண்டு போகும்போது பிரிதல் நிகழ வழியில்லை. பிரிந்தால் தேவலை என்ற எண்ணம் மட்டுமே நிகழும். ஆகவே விடுமுறைக் குடும்பம் பாலையில் என்ன செய்கிறது, அங்குள்ள செடிகளை எந்த வழியில் அறிகிறது என்பது பற்றி நம் இலக்கணிகள் எதுவும் சொல்லாமல் போய்விட்டார்கள். அவர்கள் விட்ட இடத்தில் தொடங்கும் இக்கட்டுரையின் துணிபு இது: விடுமுறைக்குப் போன குடும்பம் எந்தப் பாலைத் தாவரத்தையும் கண்ணால் கண்டுபிடிப்பதில்லை. ஒரு செடி அக்குடும்பத்தாரில் ஒருவர் உடம்பிலாவது ஒரு மெய்ப்பாட்டை எழுப்பும் கணத்தில்தான் கண்டுபிடிக்கப்படுகிறது. கை உயர வேண்டும், கால் துள்ள வேண்டும், மூக்கு சுருங்க வேண்டும். குறைந்தபட்சம் வாயிலிருந்து ஓர் ‘ஆ’ வர வேண்டும். இவற்றில் எதையும் எழுப்பாத செடி, அது பல்லாயிரம் ஆண்டுப் பழமை உடையதாயினும், அக்குடும்பத்தைப் பொறுத்தவரை முளைக்கவே இல்லை.

ஆய்வுக் களமாக அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டூசான் நகரைச் சூழ்ந்த சொனோரப் பாலையை எடுத்துக்கொள்வோம். உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத சவாரோ என்னும் பெருங்கள்ளி வளர்வது சொனோரப் பாலையில்தான்; பெரும்பங்கு அரிசோனாவிலும் மெக்சிகோவின் சொனோரா மாநிலத்திலும். அதற்கென்றே 1933இல் ஒரு தேசிய நினைவிடம் அறிவிக்கப்பட்டு, 1994இல் அது தேசியப் பூங்காவாக உயர்ந்தது. பூங்கா இரண்டு துண்டு: நகருக்குக் கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று. எந்தத் துண்டுக்குப் போவது என்ற தகராறே விடுமுறையின் முதல் அரை நாளைத் தின்றுவிடும் என்பதால் இந்தக் களம் குடும்ப ஆய்வுக்குத் தனிச் சிறப்புடையது. மேலும் இங்கே செடிகள் ஓடுவதில்லை, பறப்பதில்லை, கூண்டுக்குப் பின்னால் தூங்குவதில்லை. காட்டு விலங்கைப் பார்க்கப் போய்ப் பார்க்காமல் திரும்பிய குடும்பம் அதிர்ஷ்டத்தைக் குறை சொல்லலாம். சவாரோவைப் பார்க்கத் தவறிய குடும்பத்துக்கு அந்தச் சாக்கு இல்லை. ஆகவே இங்கே பிழை நேர்ந்தால் அது அறியும் முறையின் பிழையே.

பிழை நேர்கிறது. பீனிக்ஸிலிருந்து டூசானுக்கு வரும் நெடுஞ்சாலையில் பிக்காச்சோ மலையடிவாரத்திலேயே சவாரோக்கள் நிற்கத் தொடங்கிவிடுகின்றன. காரில் உள்ள எல்லாருடைய கண்களிலும் அவை விழுகின்றன. பிற்பாடு கேட்டால் அந்தப் பக்கத்தில் பெட்ரோல் என்ன விலை விற்றது என்பது நினைவிருக்கும், கள்ளி நினைவிருக்காது. கண்ணுக்கு எதிரே நிற்கும் செடியைக் கவனிக்காமல் விடும் மனித இயல்புக்கு 1990களின் இறுதியில் ஜேம்ஸ் வான்டர்சீ, எலிசபெத் ஷுஸ்லர் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு பெயரே சூட்டினார்கள். செடிகள் பெரும்பாலும் ஒரே நிறம், ஒரே இடம், அசைவும் இல்லை. ஆகவே மூளை அவற்றைப் பின்னணியில் தள்ளிவிடுகிறது என்பது அவர்கள் விளக்கத்தின் ஒரு பகுதி. பெயர்ப் பலகை நட்டால் தீருமே என்பார் உளர். தீராது. பீனிக்ஸில் 1939இல் நிறுவப்பட்ட பாலைத் தாவரத் தோட்டத்தில் ஆயிரக்கணக்கான செடிகளுக்குப் பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள். முதல் நான்கு பலகைகளைத் தந்தையார் உரக்கப் படிப்பார். ஐந்தாவதிலிருந்து கேட்போர் இரார். ஒன்பதாவதில் தமக்கே சலித்து, ‘இதுவும் ஒரு கள்ளிதான்’ என்று முடித்துவிடுவார். பலகையால் வரும் அறிவு நிழல் இருக்கும் வரைதான் நிற்கும்.

இனிக் கோட்பாட்டுக்கு வருவோம். தொல்காப்பியர் மெய்ப்பாட்டை எட்டாக வகுத்து ஒவ்வொன்றுக்கும் நான்கு காரணம் சொன்னார். வியப்பாகிய மருட்கைக்கு அவர் தரும் காரணங்களை இன்றைய பேச்சில் சொன்னால், முன் காணாதது, மிகப் பெரியது, மிகச் சிறியது, ஒன்று இன்னொன்றாக ஆவது என்று வரும். இந்த நான்கையும் ஒரே உடம்பில் வைத்திருக்கும் செடி சவாரோ. விதை கடுகளவே. ஒரு மரம் தன் வாழ்நாளில் 4 கோடி விதை வரை உதிர்க்கும். முளைத்துப் பெரிதாவது அவற்றில் மிக மிகச் சில. முளைத்ததும் அவசரம் காட்டாது. 15 வயதில் ஓரடி உயரம்கூட வந்திராது. 50 வயதில் ஏறத்தாழ ஏழடி. 75 வயதை ஒட்டித்தான் முதல் கை பக்கவாட்டில் புடைக்கும்; வறண்ட இடமானால் அதற்கும் மேல் தாமதிக்கும். 150 வயதில் 50 அடி தொட்டு, பல டன் எடையோடு, ஆர்மோனியத் துருத்திபோல் மழைக்கு விரிந்து வறட்சிக்குச் சுருங்கும் மடிப்புகளோடு நிற்கும். பூ கிளை நுனியில் பூக்கும். நுனி கூடினால் பூ கூடும், பழம் கூடும், விதை கூடும். கை முளைப்பதற்குத் தாவரவியல் தரும் காரணம் இந்த எளிய கூட்டல் கணக்குதான்.

இந்தச் செடியின் முன் காரை நிறுத்தியதும் என்ன நிகழ்கிறது? குடும்பம் வரிசையாக நின்று கை தூக்குகிறது. எவரும் சொல்லித் தருவதில்லை. முழங்கையை மடித்து, உள்ளங்கையை வானம் நோக்கி வைத்து, சவாரோவின் வளைவு எப்படியோ அப்படியே நிற்கிறார்கள். சமூக வலைத்தளங்களில் டூசான் விடுமுறைப் படங்களைப் புரட்டும் எவரும் இதைச் சரிபார்த்துக்கொள்ளலாம். மொழி, நாடு, சமயம் எதுவும் இதில் குறுக்கே நிற்பதில்லை. ஊட்டியில் யூகலிப்டஸ் மரத்தடியில் படம் எடுப்பவர் எவரும் யூகலிப்டஸ்போல் நிற்பதில்லை. தஞ்சாவூர் வயல் வரப்பில் நின்றவர் எவரும் நெற்பயிர்போல் தலை சாய்ப்பதில்லை. சவாரோவுக்கு மட்டும் இந்த மரியாதை. கை தூக்கிய அந்த நொடியில்தான் பிள்ளைகளில் ஒருவர் நிமிர்ந்து பார்த்து, ‘இதற்கு ஏழு கை இருக்கிறது, அதற்கு ஒன்றுகூட இல்லையே’ என்று கேட்கிறார். அதுவரை கள்ளிக் காடாக இருந்தது அந்தக் கேள்வியோடு தனித்தனிச் செடிகளாகப் பிரிகிறது. கண்டுபிடிப்பு நிகழ்ந்துவிட்டது. நெடுஞ்சாலை நெடுகிலும் கண் செய்யாததைத் தோள்மூட்டு அரை நிமிடத்தில் செய்தது.

இதற்கு இரண்டு மறுப்பு வரக்கூடும். படத்தில் உயரம் தெரிவதற்காகவே ஆட்கள் அருகில் நிற்கிறார்கள், கை தூக்குவது அதன் நீட்சி என்பது ஒன்று. உயரம் காட்டுவதற்குச் சும்மா நின்றாலே போதும். அளவுகோலுக்குக் கை வேண்டியதில்லை என்பது விடை. திரைப்படம் பழக்கிவிட்டது என்பது இரண்டாவது. ஹாலிவுட் சவாரோவை அது ஒருபோதும் வளராத டெக்சாஸ் வரை கொண்டுபோய் நட்டது உண்மைதான். ஆனால் அந்தப் படங்களில் கதாநாயகன் கள்ளியின் பின்னால் ஒளிவான், அதன்மேல் தொப்பி மாட்டுவான், மிஞ்சினால் அதைச் சுடுவான். அதைப்போல் கை தூக்கி நிற்கும் கதாநாயகனை எவரும் பின்பற்றும் அளவுக்குப் பார்த்ததில்லை. இந்த மெய்ப்பாட்டின் வேர் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. இந்த நிலத்தின் பழங்குடிகளான டோஹோனோ ஓதம் மக்கள் சவாரோவை மனிதராகவே மதிப்பவர்கள். சவாரோ பழம் பறிக்கும் கோடைப் பருவமே அவர்களுக்கு ஆண்டுத் தொடக்கம். காய்ந்து விழுந்த சவாரோவின் உள்ளெலும்பு வரிச்சுகளை ஒன்றோடொன்று கட்டி நீண்ட கோல் செய்து, அதைத் தலைக்கு மேல் உயர்த்திப் பழத்தைத் தள்ளுவார்கள். இந்தச் செடியை ஆகக் கூடுதலாக அறிந்தவர்களும் அதன் முன் இரு கையும் தூக்கியே நிற்கிறார்கள் என்பது நோக்கத்தக்கது. சுற்றுலாக் குடும்பம் விளையாட்டாகச் செய்வது, பழம் கிட்டாத அறுவடை.

செடிக்கும் மெய்ப்பாடு உண்டா என்பது இவ்வாய்வின் எல்லைக்குள் வராது. எனினும் ஒரு சான்றை விட மனமில்லை. வெகுளிக்குத் தொல்காப்பியர் சொன்ன காரணங்களில் முதலாவது, உறுப்பை அறுத்தல். பீனிக்ஸ் நகருக்கு அருகே 1982இல் ஒருவர் பொழுதுபோக்காகச் சவாரோக்களைத் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டிருந்தார். முதிர்ந்த சவாரோ ஒன்றின் கை முறிந்து அவர் மேலேயே விழுந்தது, அவர் இறந்துபோனார். உரையாசிரியர்கள் இருந்திருந்தால் மேற்கோள் தேடி அலைந்திருக்க மாட்டார்கள்.

அடுத்து அச்சம். இதற்கு அணங்கு, விலங்கு, கள்வர், அரசன் என நான்கு காரணம் கூறப்பட்டுள்ளன. செடி அந்தப் பட்டியலில் இல்லை. தொல்காப்பியர் காலம் குறித்து அறிஞர்கள் எவ்வளவு வேண்டுமானாலும் சண்டையிடட்டும். அவர் சோய்யாவைப் பார்த்ததில்லை என்பதை மட்டும் இந்த ஒரு விடுபாட்டாலேயே ஐயமின்றி நிறுவிவிடலாம். சோய்யா, இடுப்பளவிலிருந்து ஆளுயரம் வரை வளரும் கணுக்கள்ளி. அதில் ஒரு வகைக்குக் கரடிப் பொம்மையின் பெயரை வைத்திருக்கிறார்கள். மாலை வெயிலில் பொன்னிறப் பஞ்சுபோல் மின்னி, வந்து தொடு என்று அழைக்கும். அந்தப் பஞ்சு முழுவதும் முள். ஒவ்வொரு முள்ளிலும் பின்னோக்கிச் சாய்ந்த நுண்ணிய கொக்கிகள். உள்ளே போக எளிது, வெளியே வர அரிது. இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட சோதனையில் சோய்யாவின் ஒற்றை முள் அரை பவுண்டு பன்றி இறைச்சியைக் குத்தித் தூக்கியே விட்டது. இது பாய்ந்து வந்து ஒட்டும் என்று அவ்வூரில் சொல்வார்கள். பாய்வதில்லை. கணுக்கள் அவ்வளவு தளர்வாக இணைந்திருப்பதால், செருப்பின் ஓரம் பட்டாலே ஒரு கணு கழன்று காலோடு வந்துவிடும். வந்தவர் எங்கே அதைப் பிய்த்தெறிகிறாரோ அங்கே அது வேர்விட்டு அடுத்த செடியாகும். அதாவது விடுமுறைக் குடும்பம் சோய்யாவைக் கண்டுபிடிக்கும் அதே வேளையில் சோய்யாவும் குடும்பத்தைக் கண்டுபிடித்து, தன் இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்திக்கொள்கிறது. பாலையில் ஏமாறாத தரப்பு இது ஒன்றே.

வலியை அறிவு என்று சொல்லலாமா என்று கேட்பார்கள். முள் குத்தியவர் சோய்யாவின் இயல்பு எதையும் கற்றுக்கொள்ளவில்லை, ‘ஐயோ’ என்று மட்டுமே சொன்னார் என்பது அவர்கள் வாதம். இது அடுத்த பத்து நிமிடத்தைக் கணக்கில் எடுக்காத வாதம். குத்தியது என்ன என்று ஐந்து பேரும் குனிந்து பார்க்கிறார்கள். கையால் பிடுங்கப் போனவர் விரலிலும் அது ஏறிக்கொள்ள, கொக்கியின் திசை எல்லாருக்கும் புரிகிறது. அங்கே நெடுநாள் பழகியவர்கள் பையில் சீப்பு வைத்திருப்பார்கள்; கணுவுக்கும் தோலுக்கும் இடையே சீப்பைச் செருகி ஒரே சுண்டாகச் சுண்டுவார்கள். மிச்ச முள்ளுக்கு முள்வாங்கி. பையில் முள்வாங்கி எடுத்து வந்தது யார், ‘எதற்கு இந்தச் சுமை’ என்று காலையில் சொன்னது யார் என்ற விசாரணை தொடங்கும்போது, அக்குடும்பம் சோய்யாவின் உருவவியல், பரவும் முறை, முள்ளின் இயந்திரவியல் மூன்றையும் அறிந்து முடித்திருக்கும். பொதி எலி தன் வளையைச் சுற்றிச் சோய்யாக் கணுக்களைக் குவித்து அரண் கட்டிக்கொள்கிறது. கள்ளிக் குருவி அதன் முட்களுக்கு நடுவிலேயே கூடு வைக்கிறது. இவ்வுயிர்களும் பலகை படித்துத் தெரிந்துகொண்டதாகத் தெரியவில்லை.

கோட்பாட்டுக்கு எதிர்மறைச் சான்றும் வேண்டும்: மெய்ப்பாடு எழுப்பாத செடி உண்மையிலேயே விடுபட்டுப் போகிறதா? போகிறது. பாலோ வெர்டே என்ற மரத்தை எடுத்துக்கொள்வோம். அரிசோனாவின் மாநில மரம். தண்டெல்லாம் பச்சை; வறட்சியில் இலையை உதிர்த்துவிட்டுப் பட்டையாலேயே உணவு தயாரிக்கும். சவாரோவின் குஞ்சுச் செடி வெயிலிலும் பனியிலும் கடிக்கும் வாய்களிலும் படாமல் தப்பிப் பிழைப்பது பெரும்பாலும் இதன் நிழலில். வளர்ந்து ஆளான சவாரோ, கீழே வேர்விரித்துத் தண்ணீரைப் பங்கு கேட்டுத் தன்னை வளர்த்த மரத்தையே வாட்டிவிடுவதும் உண்டு. தமிழ்த் தொலைக்காட்சித் தொடர் ஒன்றுக்கு வேண்டிய கதை முழுவதும் அந்த மரத்தடியில் இருக்கிறது. ஆனால் பாலோ வெர்டே முன் எவரும் கை தூக்குவதில்லை, துள்ளுவதில்லை, அலறுவதில்லை. குடும்பம் அதன் நிழலில் காரை நிறுத்துகிறது. நிழல் இருந்தது நினைவிருக்கும். மரம் இருந்தது நினைவிராது. கிரியோசோட் புதரும் இப்படித்தான் விடுபட்டிருக்க வேண்டியது. பார்த்தால் தூசி படிந்த சாதாரணப் புதர். மொஹாவிப் பாலையில் வேரோடு வேராய் வட்டமாய்ப் பரவி நிற்கும் ஒரு கிரியோசோட் கூட்டத்தின் வயது ஏறத்தாழ 11,700 ஆண்டு என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அந்தப் பழமை குடும்பத்தைத் தொடவே தொடாது. ஆனால் வனக்காவலர் ஒருவர் வந்து, நாலைந்து இலையை உள்ளங்கையில் குவித்து வாயால் ஊதி முகரச் சொன்னால் எல்லாம் மாறிவிடும். இலையின் பிசினிலிருந்து எழும் அந்த வாசனைதான் டூசானில் ஜூலை மழையின் வாசனை. பாட்டி முகர்ந்துவிட்டு ஏதோ மருந்தின் பெயர் சொல்வார், பிள்ளை மூக்கைப் பிடித்துக்கொள்ளும். பதினோராயிரம் ஆண்டு செய்ய முடியாததை ஒரு முகர்தல் செய்கிறது. ஒகோட்டியோவை நான் இரண்டுக்கும் நடுவே வைப்பேன். வெறும் முள்விளார்க் கட்டாக நிற்கும். செத்துவிட்டது என்று எண்ணி யாரேனும் ஒருவர் நகத்தால் கீறிப் பார்ப்பார், உள்ளே பச்சை தெரியும். நல்ல மழை பெய்தால் சில நாட்களில் இலை போர்த்திக்கொள்ளும், காய்ந்தால் உதிர்க்கும், ஓராண்டில் இதைப் பலமுறை செய்யும். கீறிய நகத்துக்கு உரியவர் அதைக் கண்டுபிடித்தவர். மற்ற நால்வரும் அல்லர்.

பெருமிதத்துக்கும் ஒரு பத்தி ஒதுக்க வேண்டும். அதன் காரணங்களில் கல்வி ஒன்று, குடும்பத்தில் அக்கல்வி தந்தையாரிடம் குவிந்திருக்கிறது. முள் உள்ளதெல்லாம் கள்ளி என்பது அக்கல்வியின் முதல் சூத்திரம். நூறாண்டுச் செடி எனப் பெயர்பெற்ற ஆனைக்கற்றாழை கள்ளியன்று. அது பத்து முதல் முப்பது ஆண்டு காத்திருந்து, ஒரே முறை வானளாவப் பூத்தண்டு விட்டுச் செத்துப்போகும். ஒகோட்டியோவும் கள்ளியன்று. பாலையில் வழிதவறினால் பீப்பாய்க் கள்ளியை வெட்டித் தண்ணீர் குடிக்கலாம் என்பது இரண்டாம் சூத்திரம். அதில் இருப்பது தண்ணீரன்று, பிசுபிசுத்த கூழ். அதிலுள்ள ஆக்சாலிக் அமிலம் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் கொடுத்து, இருந்த நீரையும் உடம்பிலிருந்து இறக்கிவிடும். இந்தப் பிழைகள் கண்டுபிடிப்பைக் கெடுக்குமா எனின், கெடுக்காது என்பதே என் கருத்து. பீப்பாய்க் கள்ளி தெற்கு நோக்கிச் சாய்ந்து வளரும் இயல்புடையது. தந்தையார் அதன் முன் தானும் சாய்ந்து நின்று, தொலைபேசியின் திசைகாட்டியோடு ஒப்பிட்டு, ‘பார், தெற்கு’ என்று சொல்லும் அந்தச் சாய்வில் செடி அறியப்பட்டுவிட்டது. தண்ணீர் பற்றிய சூத்திரத்தை அவர் சோதித்துப் பார்க்காதவரை எவருக்கும் சேதமில்லை.

உடம்பை ஒதுக்கிவிட்டுத் தாளை நம்பினால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையே சாட்சி. சப்பாத்திக்கள்ளி அமெரிக்கச் செடி. ஐரோப்பியர் வழியாக இங்கே வந்தது. கள்ளிக் குடும்பம் ஏறத்தாழ முழுவதுமே அந்தக் கண்டத்துக்குரியது. சங்கப் புலவர்கள் பாலையில் கண்ட கள்ளி, உடைத்தால் பால் வடியும் வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது. சிவப்புச் சாயம் தரும் கோச்சினீல் பூச்சி சப்பாத்திக்கள்ளியில் வளர்வதால், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சனின் முயற்சியில் சைதாப்பேட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகக் கள்ளித் தோட்டம் போடப்பட்டது. எக்கச்சக்கமான கடிதப் போக்குவரத்து. பூச்சியும் 1795இல் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தது. வந்தது தவறான பூச்சி. சாயம் தேறவில்லை, கள்ளியைத் தின்று தீர்ப்பதில் மட்டும் அது கெட்டிக்காரனாக இருந்தது. அதற்குத் தப்பிய இன்னொரு வகைச் சப்பாத்திக்கள்ளி தமிழகத்துப் புறம்போக்கெல்லாம் பரவி, 1926இல் கொண்டுவரப்பட்ட வேறொரு கோச்சினீல் இனத்தால்தான் பின்னடைந்தது. காகிதத்தில் ஆய்ந்தவர்களின் நூற்றாண்டுக் கணக்கு இவ்வளவு குழப்பமாக இருக்க, ஊர்ப் பிள்ளைகளின் அறிவு துல்லியமாக இருந்தது. பழத்தைத் தரையில் தேய்த்தால் பூமுள் போகும், தேய்க்காமல் கடித்தால் நாக்கில் ஏறும், தின்றவன் நாக்கு சிவந்து காட்டிக்கொடுக்கும். சிவப்புச் சாயம் சப்பாத்திக்கள்ளியோடு தொடர்புடையது என்ற உண்மையைக் கம்பெனியை விடச் சிறந்த முறையில் இவர்கள் நிறுவியிருக்கிறார்கள், நாக்கை நீட்டி.

தொலைபேசிச் செயலி வந்துவிட்டதே, படம் பிடித்தால் பெயர் சொல்கிறதே என்ற மறுப்பு இன்றைக்குப் பெரிதாகத் தோன்றும். செயலி பெயரைத் தொலைபேசிக்குச் சொல்கிறது. தொலைபேசி அதைச் சேமித்துக்கொள்கிறது. உரியவருக்கு அதில் பங்கில்லை. இதைவிட வலுவான மறுப்பு வேறொன்று உண்டு. கள்ளிகள் பகலில் இலைத்துளையை மூடிக்கொண்டு, ஈரம் இழக்காமல் இருக்க இரவில் திறந்து கரியமிலவாயுவை வாங்குபவை. சவாரோ பூ, இருட்டியபின் விரிந்து மறுநாள் பிற்பகலில் மூடிவிடும். அதைத் தேடி முதலில் வருவது வௌவால். ஒன்பது மணிக்குக் கிளம்புவதாகத் தீர்மானித்து நண்பகலில் கிளம்பும் குடும்பம், செடி கடையைச் சாத்திய பிறகே எப்போதும் போய்ச் சேர்கிறது. அப்படியானால் எந்த மெய்ப்பாடும் மூடிய கடையின் முன் எழுந்ததுதானே எனின், ஓரளவு ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். இரவுக்கு உரியது விழித்திருத்தல் என்னும் வேறொரு செயல். டூசானில் இரவரசி என்ற கள்ளி உண்டு. ஆண்டு முழுவதும் காய்ந்த குச்சிபோல் புதருக்குள் கிடந்து, கோடையில் ஓரிரவு மட்டும் மணத்தோடு பூக்கும். அந்த ஓரிரவுக்காக அவ்வூரார் கூட்டமாகக் காத்திருப்பார்கள். நம் மாடித் தொட்டிகளில் நிஷாகந்தி பூக்கும் இரவில் அக்கம்பக்கத்தாரை எழுப்பிக் காட்டும் வழக்கத்தை நினைத்துக்கொள்ளலாம். அதுவும் மெக்சிகோக் காடுகளிலிருந்து வந்த ஒரு கள்ளியே. ஆனால் விடுமுறைக் குடும்பம் இரவில் விடுதி நீச்சல் குளத்தில் இருக்கும் என்பதால், இந்தப் பிரிவில் சான்று மிகக் குறைவு.

எஞ்சியிருப்பது படம் எடுப்பவர் பற்றிய சிக்கல். வரிசையில் நிற்போர் அனைவரும் கை தூக்க, எதிரே நிற்பவர் இரு கையாலும் தொலைபேசியைப் பிடித்திருக்கிறார், தூக்க முடியாது. நம் துணிபின்படி அவர் சவாரோவைக் கண்டுபிடிக்காதவர் ஆகிறார். அரிசோனாவுக்குப் போகலாம் என்று முதலில் சொன்னவரும், விடுதிக்குப் பணம் கட்டியவரும் பெரும்பாலும் அவராகவே இருப்பதால் இந்த முடிவு கொடியது. செல்ஃபி எடுத்தால் அவரும் வரிசைக்குள் வந்துவிடுவார், ஒரு கையும் தானாகவே உயர்ந்திருக்கும். அந்தக் கை தொலைபேசிக்காக உயர்ந்தது, சவாரோவுக்காக அன்று என்று கடுமையான ஆய்வாளர்கள் தள்ளக்கூடும். பத்தாண்டுக்கு ஒருமுறை அந்தப் பூங்காவில் சவாரோக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஒரு கை மட்டும் விட்டிருக்கிறது என்பதற்காக எந்தச் சவாரோவையும் அதில் விடுவதில்லை. கையே இல்லாத ஈட்டிச் சவாரோவையும் எண்ணுகிறார்கள். ஆகவே ஒற்றைக் கை செல்லும். குச்சி மாட்டி எடுத்த செல்ஃபி செல்லுமா என்பதும் கேட்கப்படும். பழம் தள்ளும் கோல் குச்சியை விடப் பலமடங்கு நீளம். அதைப் பிடித்து உயர்ந்த கையை நாம் மேலே ஏற்றுக்கொண்டோம். எனவே குச்சியும் செல்லும்.